முதல் 'என்னலே' யாருது?

போன ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. வள்ளியூரில் ஆடிக் காற்று எப்படி அடிக்கும் என்பதை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் புகுந்து, முப்பந்தல் காற்றாலைகளையெல்லாம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, மிச்சமிருக்கும் கோபத்தை எங்கள் மொட்டை மாடிக் கொடியில் காயும் என் வேட்டி மேல் காட்டும். அன்றைக்கு வேட்டி அடுத்த தெருவுக்குப் போய்விட்டது.

"ஏங்க, போய் எடுத்துட்டு வாங்க. யாராவது கட்டிக்கிட்டுப் போயிரப் போறாங்க" என்றாள் மனைவி.

"இரு, வாறேன்" என்றேன். அப்போது என் மகள் என் செல்போனைக் கையில் வைத்து, இடமில்லை இடமில்லை என்று அது புலம்புவதை நிறுத்தப் பழசையெல்லாம் அழித்துக்கொண்டிருந்தாள். கல்லூரியில் படிக்கிறாள். அப்பாவின் போனைப் பார்த்தால் அவளுக்கு ஒரு பரிதாபம்.

"அப்பா, இந்தப் பணகுடி மாமா சாட்டைக் காலி பண்ணிரவா? எல்லாம் நீங்களே பேசிக்கிட்டு இருக்கீங்க."

"என்னது?"

"பாருங்களேன். எல்லாம் பச்சை."

வாங்கிப் பார்த்தேன். வாட்ஸ்அப்பில் நாம் எழுதியது வலது பக்கம் பச்சையாகவும் எதிராளி எழுதியது இடது பக்கம் வெள்ளையாகவும் வரும் என்பது உங்களுக்குத் தெரியும். மேலே தள்ளினேன். ஒரு தேதி. அதற்குக் கீழே பச்சை. அடுத்த தேதி. அதற்குக் கீழேயும் பச்சை. வெள்ளை இருந்தது, இல்லாமல் இல்லை. ஆனால் எப்போதும் பச்சைக்கு அப்புறம்தான் வந்தது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் சாட்சி மாதிரி.

நான் தொழிலால் கணக்கெழுதுகிறவன். ஒரு நிதி நிறுவனத்தில் இருபத்தைந்து வருஷமாகப் பற்று, வரவு. விடுவேனா? பென்சிலை எடுத்தேன்.

முதலில் விதிமுறை. ஃபார்வர்டு கணக்கில் வராது. குட்மார்னிங், பண்டிகை வாழ்த்துப் படம், குத்துவிளக்கு, தாமரை எதுவும் வராது. நேற்றுக் கேட்டதற்கு இன்றைக்குப் பதில் சொன்னால் அது தொடர்ச்சியே தவிரப் புது ஆரம்பம் அல்ல. ஒரு மனுஷன் சும்மா இருக்கும் இன்னொரு மனுஷனை நினைத்து, தானாக, புதிதாக ஒரு வார்த்தை போட்டால் அதுதான் ஆரம்பம். நாலு கோடு போட்டுக் குறுக்கே ஒன்று இழுத்து, ஐந்தைந்தாக எண்ணினேன். போன வருஷம் போன் மாற்றியதில் அதற்கு முந்திய பேச்செல்லாம் போய்விட்டதால், சரியாக ஒரு வருஷத்துக் கணக்கு.

மொத்தப் பேச்சு 41. நான் ஆரம்பித்தது 38. அவன் ஆரம்பித்தது 3.

அந்த மூன்றையும் தணிக்கை செய்தேன். ஒன்று, அவன் மகளுக்கு நிச்சயம் பண்ணியதைச் சொன்னது. இரண்டு, உடன்குடியில் நல்ல கருப்பட்டி யாரிடம் கிடைக்கும் என்று கேட்டது. மூன்று, 'வெங்காயம் நாலு மூட்டை போதும், போன தடவை மாதிரி அழுகல் வந்துச்சு நடக்கிறதே வேற'. அது எனக்கு வந்ததே அல்ல. மொத்த வியாபாரிக்குப் போக வேண்டியது தடம் மாறி வந்தது. பெருந்தன்மையாக அதையும் அவன் கணக்கில்தான் சேர்த்திருந்தேன்.

சொன்னால் சிரிப்பீர்கள். ஐம்பத்துமூன்று வயதில் எனக்குத் தொண்டையை அடைத்தது. வேட்டியை எடுக்கப் போகவில்லை.

★ ★ ★

பணகுடிக்காரனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம், படித்தால் கோபித்துக்கொள்வான். (படிக்க மாட்டான். இருந்தாலும்.) எங்கள் ஊரிலிருந்து நாகர்கோவில் ரோட்டில் பஸ் ஏறினால் ஒரு தூக்கம் போடுவதற்குள் பணகுடி. அங்கிருந்து எங்கள் ஊருக்குப் படிக்க வந்தவன். பள்ளியில் ஒரே பெஞ்சு. முருகன் கோயில் குன்றுக்குக் கீழே தெப்பக்குளத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து நாங்கள் பேசியதையெல்லாம் எழுதினால் இந்தப் பத்திரிகையில் இரண்டு வருஷம் தொடராக வரும். படிக்கத்தான் ஆள் இருக்காது.

1994-ல் அவன் பம்பாய்க்குப் போனான். திருநெல்வேலிச் சீமைக்காரனுக்குப் பம்பாய் என்றால் தாராவி. நூறு வருஷத்துக்கும் மேலாக நம் ஜனங்கள் போய்ப் போய் அங்கே ஒரு குட்டித் திருநெல்வேலியையே கட்டி வைத்திருக்கிறார்கள். அங்கே அவன் தாய்மாமாவுக்கு ஒரு மளிகைக்கடை. சம்பளம், சாப்பாடு, கடைக்குள்ளேயே படுக்கை. இப்போது கடை அவனுடையது. மாமா இல்லை.

ஆக, முப்பது வருஷத்துக்கு மேல் நாங்கள் நண்பர்களாக இருப்பது முழுக்க முழுக்கத் தபால்துறையாலும் டெலிபோன்துறையாலும்தான். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கோடையில் வருவான். பத்து நாளில் எட்டு நாள் கல்யாண வீடு, ஒரு நாள் குலசாமி. எனக்குக் கிடைப்பது ஒரு சாயங்காலம்.

அப்படிப்பட்டவன் மூன்றே மூன்று தடவைதான் என்னை நினைத்தான், அதில் ஒரு தடவை வெங்காயத்தை நினைத்து!

"இதுல என்ன இருக்கு? அவங்க கடையில நிக்கிறவங்க. நீங்க ஃபேனுக்குக் கீழ உக்காந்திருக்கிறவங்க" என்றாள் மனைவி. நியாயம்தான். ஆனால் நியாயத்தால் என்றைக்காவது மனசு ஆறியிருக்கிறதா?

மகளிடம் கேட்டேன். அவள் தலைமுறையில் இதற்கெல்லாம் தனி அகராதியே இருக்கிறது. பதில் வருவதற்குள் இரண்டாவது மெசேஜ் போட்டால் 'டபுள் டெக்ஸ்ட்', மானக்கேடு. 'ம்', 'ஓகே' என்று ஒற்றை எழுத்தில் பதில் சொன்னால் 'டிரை டெக்ஸ்ட்', அவமரியாதை. படித்துவிட்டுப் பேசாமல் இருந்தால் 'ப்ளூ டிக்ல விட்டுட்டான்'. அது உறவு முறிவு. அந்த நீல டிக்கை வாட்ஸ்அப் கொண்டுவந்தது 2014 நவம்பரில். அதற்கு முன்னால் ஒருத்தன் பதில் போடாவிட்டால், பாவம், பார்த்திருக்க மாட்டான் என்று நினைத்துத் தூங்கிவிடலாம். எத்தனை சிநேகிதங்களை அந்தச் சந்தேகத்தின் பலன் காப்பாற்றியிருக்கும்!

"அப்பா, நீங்க பேசாம நிறுத்திப் பாருங்க. ஒரு மாசம் நீங்களா யாருக்கும் மெசேஜ் போடாதீங்க. யார் வாறாங்கன்னு பார்ப்போம்" என்றாள்.

அவள் வயதுப் பிள்ளைகளுக்கு இது பழக்கமான பரிட்சையாம். எனக்கு அது சாகும்வரை உண்ணாவிரதம் மாதிரி கம்பீரமாகப் பட்டது. ஒப்புக்கொண்டேன்.

உண்ணாவிரதம் என்றதும் ஞாபகம் வருகிறது. புறநானூற்றில் கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து உயிர்விடத் துணிந்தபோது, பக்கத்தில் பிசிராந்தையாருக்கு ஓர் இடம் விடச் சொன்னானாம். இருவரும் நேரில் பார்த்ததே இல்லை. ஆளோ பாண்டிய நாட்டில். வருவார் என்றான், வந்தார். இதை ஸ்கூலில் தமிழய்யா சொல்லிக் கண் கலங்குவார். நான் இப்போது யோசிப்பது வேறு. அதற்கு முன்பே, சோழ நாட்டு வழியாகப் பறந்துபோகும் அன்னத்திடம், உறையூரில் இறங்கிப் பிசிராந்தையின் ஆள் என்று சொல்லு என்று பாடியிருக்கிறார் அந்தப் புலவர். ஆக, முதல் மெசேஜ் அவருடையது! அன்னம் போய்ச் சேர்ந்ததா, ராஜா நீல டிக் போட்டாரா என்பதற்குச் சான்று கிடையாது. புலவரும் எண்ணிக்கொண்டு இருக்கவில்லை.

★ ★ ★

உண்மையில், யார் முதலில் என்ற இந்தத் தகராறு செல்போனோடு வந்தது அல்ல. எங்கள் தாத்தா காலத்திலேயே உண்டு. தபால் ஆபீசில் 'ஜவாபு கார்டு' என்று ஒன்று விற்பார்கள். இரண்டு கார்டு ஒட்டினாற்போல் இருக்கும். ஒன்றில் நாம் எழுதி, மற்றதில் நம் விலாசத்தையும் எழுதி அனுப்பினால், எதிராளி கிழித்துப் பதில் எழுதிப் போட வேண்டியதுதான். அவனுக்குத் தம்படி செலவில்லை. தாத்தா, வெளியூரில் கட்டிக்கொடுத்த மகளுக்கு எப்போதும் ஜவாபு கார்டுதான் போடுவார். பதில் வராவிட்டால், "காசும் கொடுத்தாச்சு, கார்டும் கொடுத்தாச்சு, கையும் நானா கொடுக்க?" என்பார்.

எங்கள் காலத்தில் இன்லண்டு லெட்டர். அவன் பம்பாய் போன புதிதில் 75 காசு. அப்புறம் மஞ்சள் போர்டு போட்ட எஸ்.டி.டி. பூத். சிவப்பு எண்கள் ஓட ஓட நம் நெஞ்சும் ஓடும். ராத்திரியானால் கட்டணம் குறையும் என்று கியூவில் நின்று, அவன் கடைக்கு மூன்று கடை தள்ளியிருந்த பி.பி. நம்பருக்குப் போட்டு, அவர்கள் ஆளனுப்பி அவனைக் கூட்டி வருவதற்குள் பதினைந்து ரூபாய் ஓடியிருக்கும். அவன் வந்து மூச்சு வாங்க "என்னலே" என்பான். "ஒண்ணுமில்லை, சும்மாதான்" என்பேன். அத்தோடு வைத்துவிடுவோம்.

செல்போன் இந்தியாவுக்கு வந்தது 1995 ஜூலை 31. கல்கத்தாவிலிருந்து ஜோதிபாசு கூப்பிட்டார், டெல்லியில் மத்திய அமைச்சர் சுக்ராம் எடுத்தார். ஆக, நம் நாட்டுச் செல்போன் சரித்திரத்தின் முதல் 'என்னலே' ஜோதிபாசுவுடையது. அந்தக் காலத்தில் கூப்பிட்டவருக்கும் காசு, எடுத்தவருக்கும் காசு. அப்படியிருந்தும் எடுத்தான் என்றால் அவன் நண்பன். 2003 மே மாதம் வரும் அழைப்புக்குக் காசில்லை என்று ஆனது பாருங்கள், நாடே மிஸ்டு கால் கொடுக்க ஆரம்பித்தது. ஒரு ரிங் என்றால் கிளம்பிட்டேன், இரண்டு ரிங் என்றால் வீட்டுக்கு வந்துட்டேன், விடாமல் அடித்தால் காசை நீயே செலவழித்துக் கூப்பிடு. நினைப்பது நான், செலவு உன்னுடையது என்ற இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவனுக்குச் சிலை வைக்கலாம்.

எஸ்.எம்.எஸ். கதை இன்னும் விசேஷம். உலகத்தின் முதல் எஸ்.எம்.எஸ். 1992 டிசம்பர் 3-ம் தேதி இங்கிலாந்தில் போனது. நீல் பாப்வொர்த் என்ற எஞ்சினீயர், ரிச்சர்ட் ஜார்விஸ் என்பவருக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பினார். பதில் வரவில்லை. ஏனென்றால் ஜார்விஸ் கையிலிருந்த போனில் செய்தி வாங்கலாமே தவிர அனுப்ப வழி கிடையாது! என் பணகுடிக்காரனிடம் இருப்பதும் அந்த மாடல்தானோ என்று எனக்குச் சந்தேகம்.

நம் ஊரில் அது மலிந்தபோது எப்படி மலிந்தது! மாச பேக் போட்டுவிட்டுப் பஸ் ஸ்டாண்டில் நின்றவன், நடந்தவன், கையெழுத்துப் போட வந்தவன் எல்லாரும் கட்டைவிரலால் பட்டனை உழுதுகொண்டிருந்தார்கள். பொங்கல், தீபாவளி அன்றைக்கு மட்டும் பேக் செல்லாது என்பான் கம்பெனிக்காரன். அதனால் எல்லாரும் முதல் நாளே வாழ்த்தி முடித்துவிடுவோம். 2011-ல் டிராய் ஒரு நாளைக்கு 100-க்கு மேல் போடக் கூடாது என்று உச்சவரம்பே கொண்டுவந்தது. நிலத்துக்கு உச்சவரம்பு, அப்புறம் அன்புக்கு.

★ ★ ★

சரி, என் விரதத்துக்கு வருகிறேன்.

முதல் நாள், காலை 5.10. டிங். அண்ணாச்சி.

அண்ணாச்சி எங்கள் ஆபீசில் எனக்கு முந்தி அந்த நாற்காலியில் இருந்தவர். ரிட்டையராகி ஒன்பது வருஷம். தினமும் காலை 5.10-க்கு ஒரு படம் அனுப்புவார். சூரியன், ரோஜா, திருச்செந்தூர் கோபுரம், அதன் மேல் ஒரு பொன்மொழி. நான் பதில் போட்டதே இல்லை. என் விதிப்படி அது கணக்கிலும் வராது. இருந்தாலும் விரத காலத்தில் என்னைத் தேடி வந்த முதல் ஆள் என்ற முறையில் கொஞ்சம் யோசித்தேன். ஒன்பது வருஷமாக ஒருத்தர் ஒரு நாள் தவறாமல் ஆரம்பிக்கிறார். நான் ஒரு தடவைகூடத் தொடரவில்லை. பணகுடிக்காரனாவது 38-க்கும் பதில் சொல்லியிருக்கிறான். அப்படியானால் அண்ணாச்சி பார்வையில் நான் யார்? விடுங்கள், காலையில் எதற்கு வம்பு.

மூன்றாம் நாள் திசையன்விளையிலிருந்து ஒருத்தன். "மச்சான், நல்லா இருக்கியா? தங்கச்சி, பிள்ளை சௌக்கியமா?" என் நெஞ்சு குளிர்ந்தது. அடுத்த வரி: "ஒரு ஜாமீன் கையெழுத்து வேணும்." இவன் ஆரம்பித்த பேச்சுகளை அப்புறம் எண்ணிப் பார்த்தேன். வருஷத்துக்கு ஆறு. ஆறும் கையெழுத்து, கைமாற்று, சிபாரிசு. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் பணகுடிக்காரனைவிட இவன் இரண்டு மடங்கு உயிர் நண்பன்!

பத்து நாளில் நிறையத் தெரிந்துபோயிற்று. எங்கள் ஆபீசில் ஐந்து வருஷம் பக்கத்து மேஜையில் இருந்து, கோயம்புத்தூருக்கு மாறிப் போனவர் ஒருத்தர் உண்டு. தினமும் பதினொரு மணிக்கும் நாலு மணிக்கும் சேர்ந்தே டீ குடித்தவர். நான் நிறுத்தியதும் அவரும் நின்றுபோனார். அதோடு சரி. எனக்கும் வருத்தமில்லை என்பதுதான் ஆச்சரியம். அந்த சிநேகிதம் எங்கள் இரண்டு பேருக்கும் சொந்தமில்லை போலிருக்கிறது, டீக்கடைக்குச் சொந்தம். ஆபீஸில் இருக்கும் இளவட்டங்கள் இதைக் கொஞ்சம் குறித்துக்கொள்ளலாம். அதில் துரோகம் ஒன்றும் கிடையாது.

பணகுடிக்காரன் மட்டும் வாயைத் திறக்கவில்லை. பதினைந்து நாள். இருபது நாள். ராத்திரி எழுந்து அவன் 'லாஸ்ட் ஸீன்' பார்ப்பேன். 11.52 என்று இருக்கும். முழித்துத்தான் இருக்கிறான்! என் மனைவி ஒரு நாள் பார்த்துவிட்டாள். "காதலிச்சப்பகூட இப்படி முழிச்சிருக்க மாட்டீங்க" என்றாள். எங்களுடையது பெரியவர்கள் பார்த்து வைத்த கல்யாணம். அதனால் அந்தக் குத்தல் முழுசாகவே குத்தியது.

★ ★ ★

இருபத்துமூன்றாம் நாள். ஆடி போய் ஆவணி வந்து காற்று கொஞ்சம் அடங்கியிருந்தது. அலுவலக வேலையாக என் பழைய சர்டிபிகேட் ஒன்று தேவைப்பட்டுப் பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கினேன். சர்டிபிகேட்டுக்குக் கீழே, வாழை நாரால் கட்டிய ஒரு கட்டு. நீல இன்லண்டுகள்.

எல்லாம் அவன் எழுதியவை. 1994-லிருந்து 2000 வரைக்கும். எண்ணினேன். எண்ணாமல் இருக்க முடியுமா? நாற்பத்தாறு.

நலம், நலமறிய ஆவல். கடையில் கூட்டம். மழை என்றால் மழை அப்படி மழை. இந்தி வந்துவிட்டது, எண்ணுவது மட்டும் தமிழில்தான் வருகிறது. உனக்கு வேலை என்ன ஆச்சு? ஏன் கடிதம் இல்லை? போன கடிதம் கிடைத்ததா? விலாசம் மாறிவிட்டதா? இது மூன்றாவது கடிதம். பதில் போடாவிட்டாலும் பரவாயில்லை, கிடைத்தது என்று மட்டும் ஒரு கார்டு போடு.

பாதி இன்லண்டுகளில் இதேதான். கணக்குப் பார்த்தால் இவன் ஆரம்பித்தவன், நான் வெள்ளை. வெள்ளைகூட இல்லை; வெறும் தேதி.

நடுவில் ஒரு கடிதம். 1997. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், நாகர்கோவிலில். மாமா லீவு தரமாட்டேன் என்கிறார். தங்கை மட்டும்தான் கூட இருக்கிறாள். நீ ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு எனக்கு எழுது. நீ எழுதினால்தான் நான் நம்புவேன், அவர்கள் எதையும் மறைப்பார்கள். இந்தக் கடைசி வரிக்குக் கீழே கோடு போட்டிருந்தான்.

நான் போகவில்லை. எழுதவும் இல்லை.

அப்போது எனக்கு வேலை கிடைக்கவில்லை. அவன் அம்மா என்னைப் பார்த்ததும் முதலில் கேட்பது, "மக்கா, வேலை ஆச்சா?" என்றுதான். கண்ணைக் கட்டிப் படுத்திருந்தாலும் குரலை வைத்து அடையாளம் கண்டு கேட்பார்கள். அடுத்த வாரம் போகலாம் என்று நினைத்தேன். அடுத்த வாரம் போனால் ஏன் போன வாரம் வரவில்லை என்று சொல்ல வேண்டும். கடிதமும் அப்படித்தான். ஒரு வாரம் தள்ளினால் ஒரு பக்கம் எழுத வேண்டும். ஒரு மாசம் தள்ளினால் நாலு பக்கம். மூன்று மாசம் ஆகிவிட்டால் எழுதவே முடியாது. கடன் வட்டி மாதிரி ஏறிக்கொண்டே போகும். எங்கள் கம்பெனியில் தவணை கட்டாமல் ஓடி ஒளிகிறவர்கள் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் அல்ல என்று எனக்கு நன்றாகத் தெரியும். பாதிப் பேர் எங்கள் முகத்தில் முழிக்க வெட்கப்படுகிறவர்கள்.

அதற்கு அடுத்த இன்லண்டைப் பிரித்தேன். இரண்டு மாசம் கழித்து. அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நலம், நலமறிய ஆவல். கடையில் கூட்டம். இவ்வளவுதான்.

அவன் அம்மா 2011-ல் போய்ச் சேர்ந்தார்கள். மாலையோடு போயிருந்தேன். அன்றைக்கும் அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

எங்கள் பக்கம் இடைசெவலில் கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் ஒரே ஊர்ப் பையன்கள். அழகிரிசாமி சென்னைக்கும் மலேயாவுக்கும் போனார். கி.ரா. ஊரிலேயே இருந்தார். அழகிரிசாமி 1970-ல், ஐம்பது வயதுகூட ஆகாமல் காலமானார். அவர் தனக்கு எழுதிய கடிதங்களைக் கி.ரா. பத்திரமாக வைத்திருந்து புத்தகமாகக் கொண்டுவந்தார். எழுதினவர் பெரியவரா, எடுத்துவைத்தவர் பெரியவரா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நானும் எடுத்துவைத்தவன்தான். ஆனால் கி.ரா. ஆவதற்கு அது மட்டும் போதாது.

2022-ல் அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துப் பெக்கி லியூ என்ற பேராசிரியையும் கூட்டாளிகளும் இதை ஆராய்ச்சி செய்து வெளியிட்டிருக்கிறார்கள். நெடுநாள் பேசாத ஒருவருக்கு நாமாக ஒரு வார்த்தை அனுப்பினால் அவர் எவ்வளவு சந்தோஷப்படுவார் என்பதை, அனுப்புகிறவர்கள் எப்போதும் குறைத்தே மதிப்பிடுகிறார்களாம். எதிர்பாராமல் வந்தால் சந்தோஷம் இன்னும் கூடுதலாம். என் கேள்வி அதில் இல்லை: இருபத்தெட்டு வருஷம் கழித்துப் போடுகிற பதிலுக்கு என்ன மதிப்பெண்?

மகள் கூடாது என்று கண்ணைக் காட்டினாள். "இன்னும் ஏழு நாள் இருக்குப்பா." நான் விரதத்தை முறித்தேன்.

'என்னலே' என்று ஆரம்பித்து, விரலால் தடவித் தடவி அரை மணி நேரம் எழுதினேன். எண்ணியதைச் சொன்னேன், 41, 38, 3. கட்டுக் கிடைத்ததைச் சொன்னேன். கடைசியில், '97-ல் அம்மாவைப் பார்க்கச் சொன்னே. நான் போகலை. நாகர்கோவிலுக்குப் போகவே இல்லை' என்று போட்டுவிட்டுப் போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தேன்.

இரவு 11.40-க்கு டிங். எழுத்து இல்லை, குரல். பின்னால் ஷட்டர் இறங்கும் சத்தம். யாரோ இந்தியில் பீடி கேட்கிறார்கள். "பந்த், பந்த்" என்கிறான். அப்புறம் எனக்கு.

"ஏலே, நீ போகலைன்னு அம்மா அப்பவே சொல்லிட்டா. வந்தா அவனுக்குத் தோசை வார்க்கணும், கண்ணு தெரியலையேன்னு விசாரப்பட்டுக்கிட்டு இருந்திருக்கா." கொஞ்ச நேரம் பேச்சில்லை. பூட்டுச் சத்தம். "அத விடு. நாற்பத்தாறுங்கே? தப்பு. அம்பத்திரண்டு. ஒவ்வொரு இன்லண்டுக்கும் மாமா என் சம்பளத்துல பிடிச்சு நோட்டுல எழுதிருக்காரு. அவரு போனப்ப பழைய நோட்டையெல்லாம் எடைக்குப் போடையில உக்காந்து எண்ணினேன். ஆறு எங்க போச்சுன்னு நீ தேடிக்கோ. நீ போட்டது ஒம்பது. அம்பத்திரண்டுல ஒம்பது போனா நாற்பத்திமூணு நீ எனக்குப் பாக்கி. இப்ப நீ சொல்லுத கணக்குல முப்பத்தெட்டும் இன்னைக்கு ஒண்ணும் முப்பத்தொம்பது. என் மூணு கழிச்சா முப்பத்தாறு. அதுக்கு முந்தின வருசமெல்லாம் ரிக்கார்டு இல்லை, செல்லாது. இன்னும் ஏழு பாக்கி இருக்கு. வட்டி நான் கேக்கலை. நீ பாட்டுக்கு இருபது நாளா தவணை கட்டாம இருந்தா என்னலே அர்த்தம்?"

என் மனைவியும் மகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் அந்தக் குரலை இன்னொரு தடவை போட்டுக் கேட்டேன், தோசை வரைக்கும்.

காலையில் 5.10-க்கு அண்ணாச்சி சூரியனை அனுப்பினார். 'வணக்கம் அண்ணாச்சி, முழங்கால் வலி எப்படி இருக்கு?' என்று போட்டேன். நாலு நிமிஷம் 'டைப்பிங்', 'டைப்பிங்' என்றே காட்டிக்கொண்டிருந்தது. பாவம், அவருக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை போலிருக்கிறது.

அப்புறம் பணகுடிக்காரனுக்கு: 'என்னலே, கடை திறந்தாச்சா?'

உடனே நீல டிக். பதில் மத்தியானம் வந்தது.

'ஆறு.'